மணிக்கட்டில் மறைந்திருக்கும் முறிவுகள்

கால் இடறி விழும்போது மனிதன் தன்னையறியாமலே கையை நீட்டித் தரையில் ஊன்றுகிறான். முகத்தையும் தலையையும் காப்பதற்கு இயற்கை அளித்துள்ள உபாயம் இது. அந்த ஒரு கணத்தில் உடலின் பாரமும் விழுந்த வேகமும் உள்ளங்கையிலிருந்து முன்கைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. அவை செல்லும் வழி மணிக்கட்டு.

விழுந்தவர் எழுந்து கையை உதறிக்கொள்கிறார். சிறிது வீக்கம் காண்கிறது. ஆயினும் விரல்களை மடக்கவும் நீட்டவும் முடிகிறது. “எலும்பு முறிந்திருந்தால் விரலை அசைக்க முடியுமா? இது வெறும் சுளுக்கே” என்று அருகிலுள்ளோர் தேறுதல் கூறுகின்றனர். எண்ணெய் தடவி நீவி விடுகின்றனர். பெரும்பாலும் அவர்கள் கூற்று சரியாகவே இருக்கும். ஆனால் சிலருக்கு வீக்கம் வடிந்த பின்னும் வலி நீங்குவதில்லை. குடத்தைத் தூக்கும்போதும், மண்வெட்டியைப் பிடிக்கும்போதும், கையை ஊன்றி எழும்போதும் அது தலை காட்டுகிறது. பல மாதங்கள் கழித்து மருத்துவ மனைக்குச் சென்றால், சிற்றெலும்பு ஒன்று முறிந்து கூடாமலே நின்றுவிட்டது என்று தெரியவருகிறது. கையுழைப்பால் வாழ்பவருக்கு இது பிழைப்பையே பாதிக்கும் செய்தியாகும்.

கிராமங்களிலும் பள்ளிகளிலும் இத்தகையோரை முதலில் காண்பவர்கள் களப்பணியாளரும் ஆசிரியருமே. நோயை நிர்ணயிப்பது அவர்களுடைய கடமையன்று; ஆனால் ஐயம் கொள்வது அவர்களால் இயலும். மணிக்கட்டுக் காயங்களைப் பொறுத்தவரை, தக்க சமயத்தில் கொள்ளும் ஐயமே பாதிச் சிகிச்சை எனலாம்.

எட்டுச் சிற்றெலும்புகள்

மணிக்கட்டில் எட்டு எலும்புகள், வரிசைக்கு நான்காக இரண்டு வரிசைகளில் அமைந்துள்ளன. முன்கையை ஒட்டிய வரிசையில், கட்டைவிரற் பக்கத்திலிருந்து சுண்டுவிரற் பக்கமாக எண்ணினால், படகெலும்பு, பிறையெலும்பு, முப்பட்டை எலும்பு, பட்டாணி எலும்பு ஆகியவை வரும். விரல்களை நோக்கிய வரிசையில் சரிவக எலும்பு, சிறு சரிவக எலும்பு, தலையெலும்பு, கொக்கியெலும்பு ஆகியவை உள்ளன. மருத்துவ மனைச் சீட்டுகளில் இவை இதே வரிசையில் ஸ்காஃபாய்டு, லூனேட், டிரைக்குவீட்ரம், பிஸிஃபார்ம், டிரப்பீஸியம், டிரப்பீஸாய்டு, கேப்பிடேட், ஹேமேட் என்று குறிக்கப்படும். இவற்றை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துபவை இணைநார்கள்.

கையை ஊன்றி விழுவோருக்கு மிகுதியாக முறிவது இவ்வெட்டில் எதுவும் அன்று. முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிவதே பெருவழக்கு. அம்முறிவில் கையின் வடிவமே மாறிவிடுகிறது. ஆகவேதான் டப்ளின் நகர ரண வைத்தியர் ஆபிரகாம் காலிஸ், எக்ஸ்-கதிர் என்பதே அறியப்படாத 1814-ஆம் ஆண்டில், வெளித் தோற்றத்தைக் கொண்டே அதை விவரிக்க முடிந்தது. சிற்றெலும்பு முறிவுகளோ பெரும்பாலும் வடிவ மாற்றம் எதையும் காட்டுவதில்லை. 1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்த பின்னரே அவை பரவலாக அறியப்படலாயின. அவ்வாண்டு டிசம்பர் 22-ஆம் நாள் அவர் எடுத்த புகழ்பெற்ற படம் தம் மனைவியின் கையைப் படம் பிடித்ததே. எனினும், எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியாத முறிவு இல்லை என்று மக்கள் நம்பத் தொடங்கியதும், அந்த நம்பிக்கையே புதியதோர் ஏமாற்றத்துக்கு இடமாயிற்று.

மணிக்கட்டின் சிற்றெலும்பு முறிவுகளுள் 100-க்கு 60 முதல் 70 வரை படகெலும்பைச் சார்ந்தவை. அதற்கடுத்தது முப்பட்டை எலும்பு. ஏறக்குறைய 15 அதற்குரியவை. மீதியை மற்ற ஆறு எலும்புகளும் பகிர்ந்துகொள்கின்றன. சிறு சரிவக எலும்பின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இவை அரியவை; ஆதலால் இவற்றை எதிர்பார்ப்போரும் அரியர். எதிர்பாராததைக் கண் எளிதில் காண்பதில்லை.

கடைமடைக்கு நீர் எட்டாத எலும்பு

அரிய முறிவுகளுக்கு முன், படகெலும்பைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். மற்றவற்றைப் புரிந்துகொள்வதற்கும் அதுவே வழிகாட்டும்.

இவ்வெலும்புக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் விரல்களை நோக்கிய பாதியில் நுழைந்து, அங்கிருந்து முன்கைப் பக்கமாகத் திரும்பிப் பாய்கின்றன. முன்கைப் பக்கத்து முனை, வாய்க்காலின் கடைமடை நிலம் போன்றது. வாய்க்கால் நடுவில் உடைந்தால் கடைமடை வறண்டுபோவதுபோல, எலும்பு இடையில் முறிந்தால் அம்முனைக்கு இரத்தம் குறைகிறது. ஆகவே முறிவு மெதுவாகக் கூடுகிறது. சிலருக்குக் கூடுவதே இல்லை. சிலருக்கு அம்முனை உயிரற்றுப் போகிறது. கூடாத எலும்பு கையோடு நின்றுவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல மணிக்கட்டு மூட்டே தேய்ந்து பழுதாகிறது. இருபது வயதில் விழுந்தவர் நாற்பது வயதில் அதன் பயனை அனுபவிக்கிறார்.

இதைக் கண்டறிய ஓர் எளிய குறி உண்டு. கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டினால், அதன் அடியில், புறங்கையின் ஓரத்தில், இரண்டு தசைநாண்களுக்கு இடையே ஒரு பள்ளம் தோன்றும். முன்னாளில் மூக்குப்பொடி போடுவோர் பொடியை அப்பள்ளத்தில் வைத்து உறிஞ்சியதால், உடற்கூற்று நூல்களும் அதற்கு மூக்குப்பொடிப் பெட்டி என்றே பெயரிட்டுள்ளன. கையை ஊன்றி விழுந்தவருக்கு அப்பள்ளத்தில் அழுத்தும்போது வலி மிகுந்தால் படகெலும்பு முறிந்திருக்கலாம். உள்ளங்கைப் பக்கத்தில் கட்டைவிரல் மேட்டின் அடியில் அழுத்தினாலும், கட்டைவிரலை அதன் நீளவாட்டில் மணிக்கட்டை நோக்கி மெல்லத் தள்ளினாலும் வலி தோன்றினால் ஐயம் வலுக்கிறது. இக்குறிகள் இருப்பதால் முறிவு உறுதியாகிவிடாது. ஆனால் இவை இருக்கும்போது சுளுக்கு என்று தள்ளிவிடலாகாது.

அரிய முறிவுகள்

முப்பட்டை எலும்பு முறியும்போது, பெரும்பாலும் இணைநார் இழுப்பதாலோ அண்டை எலும்பு இடிப்பதாலோ அதன் புறங்கைப் பக்கத்திலிருந்து ஒரு சில்லு பெயர்கிறது. வலி புறங்கையில், சுண்டுவிரற் பக்கத்தில் தோன்றும். நேர்ப்படத்தில் தெரியாத இச்சில்லு பக்கவாட்டுப் படத்தில் தெரியும். நான்கு முதல் ஆறு வாரங்கள் அசையாமற் கட்டிவைத்தால் பெரும்பாலோர் நலமடைகின்றனர்.

கொக்கியெலும்பின் உள்ளங்கைப் பக்கத்தில் கொக்கிபோன்ற ஒரு நீட்சி உண்டு. கிரிக்கெட் மட்டை, டென்னிஸ் மட்டை, கோல்ஃப் கோல் ஆகியவற்றின் பிடியின் அடிமுனை இவ்விடத்திலேயே அழுந்துகிறது. வீசிய மட்டை தரையில் மோதினால் அவ்வதிர்ச்சி கொக்கியை ஒடித்துவிடலாம். விளையாடியவர் விழுந்திருக்கவே மாட்டார். ஆகையால் எலும்பு முறிவு என்ற எண்ணமே எவருக்கும் எழுவதில்லை. சுண்டுவிரற் பக்கத்து உள்ளங்கையடியில் வலி, பிடியில் தளர்ச்சி, மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் மதமதப்பு ஆகியவை இதன் குறிகள். கவனியாது விட்டால், முறிந்த முனையில் உராய்ந்து உராய்ந்து சுண்டுவிரலை மடக்கும் தசைநாண் அறுந்துபோவதும் உண்டு. வழக்கமான எக்ஸ்-கதிர்ப் படங்களில் இம்முறிவு பெரும்பாலும் தெரிவதில்லை. மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்து எடுக்கும் தனிப்படமோ, சி.டி. படமோ வேண்டியிருக்கும். தொடக்கத்திலேயே கண்டால் கட்டுப்போட்டுப் பார்க்கலாம். கூடாவிடின் முறிந்த துண்டை நீக்கிவிடுவர். அதன் பின் விளையாட்டு வீரர்கள் மீண்டும் களத்துக்குத் திரும்புவது வழக்கமாக உள்ளது.

பட்டாணி எலும்பு ஒரு தசைநாணுக்குள் பதிந்து கிடக்கும் சிறிய உருண்டை. உள்ளங்கையின் அடிப்பகுதி நேராக மோதும்போது அது முறியலாம். சில வாரக் கட்டிலேயே பெரும்பாலும் குணமாகும். வலி நீடித்தால் அவ்வெலும்பை எடுத்துவிடினும் கையின் வன்மை பெரிதும் குன்றுவதில்லை.

சரிவக எலும்பின் மீதுதான் கட்டைவிரல் அமர்ந்து இயங்குகிறது. மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பற்றியவாறே மோதுவோருக்கு இது முறிவதுண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரு பொருளைக் கிள்ளிப் பிடிக்கும்போது வலியும் வலுவின்மையும் தோன்றும். எலும்புத் துண்டுகள் விலகியிருந்தால் அவற்றை ஒழுங்குபடுத்திப் பொருத்துவது அவசியம். இல்லையேல் கட்டைவிரலின் மூட்டு தேய்ந்துவிடும்.

தலையெலும்பு மணிக்கட்டின் நடுவில் நிற்பது. படகெலும்பைப் போன்றே இதன் தலைக்கும் இரத்தம் திரும்பிப் பாய்வதால், இதுவும் கூடாமற் போகக்கூடும். படகெலும்புடன் சேர்ந்து இதுவும் முறிந்து, அதன் தலை தன்னிடத்திலேயே திரும்பிக்கொள்ளும் விந்தையான நிலை ஒன்றை ஃபென்டன் என்பார் 1956-இல் விவரித்தார். ஒரு முறிவைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிட்டால் மற்றொன்றைத் தவறவிட நேரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பிறையெலும்பு ஒரே அடியில் முறிவது அரிது. ஆனால் அதன் இரத்த ஓட்டம் குன்றி, எலும்பு சிறிது சிறிதாக நொறுங்கும் நோய் ஒன்று உண்டு. வியன்னா நகரத்து எக்ஸ்-கதிர் நிபுணர் ராபர்ட் கீன்பக் 1910-இல் இதை விவரித்தமையால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரே, அவருள்ளும் ஆடவரே மிகுதியாக இதற்கு ஆளாகின்றனர். பெரிய விபத்து எதுவும் இன்றி, மணிக்கட்டின் நடுவில் நாட்பட்ட வலியும் விறைப்பும் உள்ள தொழிலாளியை இந்நோக்கில் பரிசோதித்தல் வேண்டும்.

தாமதம் கூடாத காயம்

மேற்கூறிய யாவற்றினும் கொடியது, பிறையெலும்பைச் சுற்றிலும் இணைநார்கள் கிழிந்து எலும்புகள் இடம் பெயரும் விபத்தாகும். மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுவோருக்கும், வாகன மோதலுக்கு உள்ளாவோருக்கும் இது நேரலாம். எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்த பின்னும் இது கண்ணுக்குத் தப்புவது வியப்பளிக்கக்கூடும். பல மருத்துவ நிலையங்களிலிருந்து 166 பேரைப் பற்றித் திரட்டப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நால்வரில் ஒருவருக்கு இக்காயம் முதலில் கண்டறியப்படவில்லை. நேர்ப்படத்தில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரிவதே இதற்கு ஒரு காரணம். சரியான பக்கவாட்டுப் படத்திலோ, பிறையெலும்பு கவிழ்ந்த தேநீர்க் கிண்ணம் போலவோ, அல்லது தலையெலும்பு அதன் குழியைவிட்டு நீங்கியோ காணப்படும்.

பெயர்ந்த எலும்பு, மணிக்கட்டின் உட்பக்கமாகச் செல்லும் நடு நரம்பை அழுத்தக்கூடும். அப்போது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போகும். இக்குறி தோன்றினால் மறுநாள் வரை காத்திருத்தல் ஆகாது. எலும்புகளை உடனே தம்மிடத்தில் சேர்த்து, பின்னர் ரண சிகிச்சையால் இணைநார்களைச் சீர்செய்து, கம்பிகளால் சில வாரங்கள் நிலைநிறுத்துவதே இன்றைய முறை. விரைந்து செய்தாலும் கையின் அசைவு ஓரளவு குறையலாம். தாமதித்தால் இழப்பு மிகப் பெரிது.

முதற்படம் முடிந்த தீர்ப்பன்று

புதிதாக முறிந்த சிற்றெலும்பில் பிளவு மயிரிழை அளவே இருக்கும். படகெலும்பு முறிவுகளிலேயே பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை முதற்படத்தில் தெரியாமற் போகின்றன. இரண்டு வாரங்களுக்குள் முறிந்த ஓரங்களின் எலும்புப் பொருள் சிறிது கரைந்து பிளவு அகலுவதால், அப்போது எடுக்கும் படத்தில் அது தென்படலாம். எம்.ஆர்.ஐ. படமோ முதல் ஓரிரு நாட்களிலேயே பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும். எலும்பின் நுண்ணிய வடிவத்தையும் துண்டுகளின் நிலையையும் அறிய சி.டி. படம் சிறந்தது.

இச்சாதனங்கள் எல்லா ஊர்களிலும் கைக்கெட்டும் தொலைவில் இல்லை. ஆனால் இவை இல்லாத இடத்திலும் பின்பற்றக்கூடிய நெறி ஒன்று உண்டு. படம் தெளிவாக இருந்தும் வலி குறித்த இடத்தில் நிலைத்திருக்குமானால், முறிவு இருப்பதாகவே கொண்டு, கட்டையோ மாவுக் கட்டோ போட்டு, 10 முதல் 14 நாட்களில் மறுபடியும் பரிசோதித்து மீண்டும் படம் எடுக்க வேண்டும். முறிவு இல்லையெனத் தெளிந்தால், நோயாளி இழந்தது இரண்டு வார வசதி மட்டுமே. இந்நெறியைக் கைவிட்டு முறிவு தப்பிவிட்டால் அவர் இழப்பது கையின் வன்மையாக இருக்கக்கூடும். சிகிச்சை நான்கு வாரங்களுக்கு மேல் தாமதமானால் படகெலும்பு கூடாமற் போகும் வாய்ப்பு மிகுகிறது என்பது அறியப்பட்ட உண்மை.

சிகிச்சை முறைகள்

விலகாத முறிவுக்கு மாவுக் கட்டே இன்றும் அடிப்படைச் சிகிச்சை. டச்சு இராணுவ ரண வைத்தியர் மாதைஸன் 1852-இல் வெளியிட்ட இம்முறை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பயன் குன்றவில்லை. படகெலும்பின் நடுப்பகுதி முறிந்தால் 8 முதல் 12 வாரங்கள் கட்டு வேண்டியிருக்கும். கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டுவது நெடுங்கால வழக்கம். ஆனால் 292 முறிவுகளைத் தொடர்ந்து கவனித்து 1991-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு, கட்டைவிரலை விட்டுக் கட்டினாலும் கூடாமற் போகும் அளவு மாறுவதில்லை என்று காட்டியது.

முறிந்த துண்டுகள் விலகியிருந்தாலும், முன்கைப் பக்கத்து முனை முறிந்தாலும் ரண சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படும். ஆஸ்திரேலிய ரண வைத்தியர் திமத்தி ஹெர்பர்ட் தலையற்ற திருகாணி ஒன்றை அமைத்து 1984-இல் அதன் பயனை வெளியிட்டார். எலும்புக்குள்ளேயே புதைந்து இரு துண்டுகளையும் நெருக்கிப் பிடிக்கும் அத்திருகாணியின் வழிவந்தவையே இன்றும் பயன்படுகின்றன. இதனால் எல்லோருக்கும் திருகாணியே சிறந்தது என்று எண்ணிவிடலாகாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 31 மருத்துவ மனைகளில், 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகாத முறிவு உடைய 439 பேரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், முதலில் கட்டுப்போட்டுக் கூடாதவருக்கு மட்டும் விரைவில் ரண சிகிச்சை செய்த பிரிவினரும், தொடக்கத்திலேயே ரண சிகிச்சை பெற்றோரும், ஓராண்டின் முடிவில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். நாட்பட்டும் கூடாத முறிவுக்கு, இடுப்பெலும்பு போன்ற வேறிடத்திலிருந்து எலும்பு எடுத்து ஒட்டுவைப்பர். எம்முறையிலும், கட்டு உள்ள காலத்தில் பீடியும் சிகரெட்டும் விலக்கப்பட வேண்டும். புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது.

பள்ளிச் சிறுவர்

பிறந்த குழந்தையின் மணிக்கட்டுச் சிற்றெலும்புகள் யாவும் குருத்தெலும்பாக இருப்பதால் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரிவதில்லை. தலையெலும்பும் கொக்கியெலும்பும் முதற் சில மாதங்களிலேயே தோன்றத் தொடங்குகின்றன. பட்டாணி எலும்பு எல்லாவற்றுக்கும் இறுதியாக, எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் தோன்றுகிறது. இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் வயதை மதிப்பிட மணிக்கட்டுப் படம் எடுப்பது, எலும்பு வளர்ச்சியின் இவ்வொழுங்கைக் கொண்டே.

சிறுவருக்குச் சிற்றெலும்பு முறிவது அரிது; ஆரை எலும்பின் கீழ்முனையும் அதன் வளர்ச்சித் தட்டுமே பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன. ஆயினும் பத்து வயதைக் கடந்தோருக்குப் படகெலும்பு முறிவதுண்டு. விளையாட்டு மைதானத்தில் விழுந்த மாணவன் மறுநாளும் எழுதுகோலைப் பிடிக்கத் தயங்கினால், வீட்டுப் பாடத்துக்கு அஞ்சி நடிக்கிறான் என்று முடிவு செய்வதற்கு முன், ஆசிரியர் அவனுடைய இரு மணிக்கட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராக.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

1. வீக்கம் பெருகுமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுக.

2. மடித்த செய்தித்தாளையோ மரச் சட்டத்தையோ துணி சுற்றி, உள்ளங்கையிலிருந்து முன்கை வரை வைத்துத் தளர்வாகக் கட்டுக. துண்டு ஒன்றால் கையை மார்பின் மீது தூக்கிக் கட்டுக. பனிக்கட்டி கிடைத்தால் துணியில் பொதிந்து ஒத்தடம் கொடுக்கலாம்.

3. நீவுதல், உருவுதல், சுளுக்கெடுத்தல் ஆகியவை வேண்டா. மூங்கில் தப்பை வைத்து இறுகக் கட்டுவதும் கூடாது. இறுக்கத்தால் இரத்த ஓட்டம் தடைபட்டு, எலும்பு முறிவைவிடப் பெரிய கேடு விளையலாம்.

4. விரல்கள் மரத்தல், வெளுத்தல், நீலம் பாரித்தல், மணிக்கட்டின் வடிவம் மாறுதல், காயத்தின் வழியே எலும்பு தெரிதல் ஆகியவற்றுள் எது இருப்பினும் அப்போதே மருத்துவ மனைக்கு அனுப்புக.

5. விழுந்த நாள், விழுந்த விதம், வலக்கையா இடக்கையா, செய்யும் தொழில், வலிக்கும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புக. எவ்விடத்தைப் படம் பிடிப்பது என்று டாக்டர் தீர்மானிக்க இது பெரிதும் உதவும்.

6. கட்டுப் போட்டுத் திரும்பியவருக்கு விரல்கள் வீங்கினாலோ வலி ஏறிக்கொண்டே போனாலோ, காலை வரை பொறுக்கச் சொல்லாது திருப்பி அனுப்புக.

7. முதற்படம் தெளிவு என்று திரும்பியவரையும் குறிப்பேட்டில் பதிந்து, இரண்டு வாரங்களுக்குள் மறுபடியும் சென்று காண்க. வலி நீங்கியிருந்தால் மகிழ்ச்சி. நீங்காவிடின் மீண்டும் அனுப்புக.

இவ்வேழனுள் பெரிதும் மறக்கப்படுவது இறுதியானதே. முறிவு இல்லை என்று ஒருமுறை கேட்டவர் மறுபடியும் தாமாக மருத்துவ மனைக்குச் செல்வதில்லை. ஒரு நாட் கூலியை இழக்கவும் பேருந்துக் கட்டணம் செலுத்தவும் அவருக்கு மனம் வருவதில்லை. அவர் வீட்டுக்குச் சென்று கட்டைவிரலடிப் பள்ளத்தை மென்மையாக அழுத்திப் பார்த்து, வலி எஞ்சியிருந்தால் மறுபடியும் அனுப்பிவைக்க நேரமும் அக்கறையும் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.